எடை மிஷினா, இஞ்ச் டேப்பா, ஜிம் பிரிண்ட்டா: உடம்பு ஏற்றும்போது எதை நம்புவது?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 மழையில் கரை தொட்டு ஓடிக் காட்டியது. உடம்பு ஏற்றுகிறவர்களின் கணக்கு இந்தக் கிண்டலுக்கு நேர் எதிர், அங்கே எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். தசையிலேயே முக்கால் பங்கு தண்ணீர். காலையில் மிஷினில் ஏறி இறங்கி முகம் வாடுகிறவரும் பூரிக்கிறவரும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைத்தான் எடை போட்டுவிட்டு வருகிறார்கள்.

புதிதாக ஜிம்முக்குப் போகும் ஓர் ஆண், சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால், மாதத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை போடலாம். பெண்ணுக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஆக, நல்ல வாரம் ஒன்றில் ஓர் ஆணுக்குச் சேரும் தசை 200 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. அதே உடம்பு ஒரே நாளில், விடியலுக்கும் இரவுக்கும் நடுவே, ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறி இறங்கும். ஒரு டம்ளரைக் கண்டுபிடிக்க வேண்டும், சுற்றிலும் குடம் குடமாக ஆடுகிறது. எந்தக் கருவியை வாங்குவது, எதற்குப் பணம் கட்டுவது என்ற கேள்வியை இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் ஒரு சாதாரண டிஜிட்டல் எடை மிஷின், ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு. இந்த மூன்றும், உடம்பின் கொழுப்பையும் தசையையும் கணக்கிட்டு ஜிம்மில் தரும் வண்ண பிரிண்ட்டை விட அதிகம் சொல்லும். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் விதம் தப்பினால் மூன்றும் சேர்ந்தே பொய் சொல்லும்.

எதனால் ஆடுகிறது

முதல் காரணம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். உடம்பு தன் நீரைக் கிட்டத்தட்ட அதே உப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். வழக்கத்தை விட 5 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அரை லிட்டர் வரை தண்ணீர் கூடவே தங்கும். சிறுநீரகம் அதைச் சரிசெய்ய ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். ஆம்பூர் பிரியாணி, கூடவே கத்திரிக்காய் தொக்கு, தயிர்ப் பச்சடி, இரவில் ஊறுகாயோடு தயிர் சாதம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் அந்த 5 கிராம் ஒன்றும் பெரிய தொகை இல்லை.

இரண்டாவது சோறு. மாவுச்சத்தைத் தசை கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு நாள் அரைப் பட்டினியாக இருந்து, நன்றாக உடற்பயிற்சியும் செய்து 200 கிராம் கிளைகோஜனைக் காலி செய்தவர், வயிறார இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் அது நிரம்பும்: 200 கிராமும் 600 கிராம் தண்ணீரும், ஆக 800 கிராம். கொழுப்பும் இல்லை, புதுத் தசையும் இல்லை. "சோத்தை நிறுத்தினேன், மூணே நாளில் ஒன்றரை கிலோ குறைஞ்சது" என்று சொல்கிறவர் இழந்ததும் இதைத்தான்.

மூன்றாவது, வயிற்றில் இருப்பது. குடித்த தண்ணீர், சாப்பிட்ட சாப்பாடு, இன்னும் வெளியே போகாதது எல்லாம் சேர்ந்து எளிதாக ஒரு கிலோவைத் தாண்டும். காய்கறியும் கீரையும் கூடிய நாளில் இன்னும் கூடும்.

வேர்வை இதற்கு எதிர்ப் பக்கம் இழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மின்விசிறி மட்டும் ஓடும் ஜிம்மில் ஒரு மணி நேரம் செய்தால் ஒரு லிட்டர் போவது சாதாரணம். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏறிப் பார்த்தால் தெரியும் வித்தியாசம் முழுக்கத் தண்ணீர். அதைக் குடித்து ஈடுகட்ட வேண்டுமே தவிர, கொண்டாட ஒன்றுமில்லை. உப்புப் போட்ட நீர்மோர் இதற்கு வெகு பொருத்தம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதுப் பயிற்சி ஒன்றைக் கடுமையாகச் செய்தபின் தசை வலிக்கும் 2 முதல் 4 நாட்களில் அந்த இடம் வீங்கி நீர் பிடிக்கும். தசை வலுவுக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் என்ற பவுடரைத் தினமும் 3 முதல் 5 கிராம் எடுக்க ஆரம்பித்தவருக்கு முதல் சில வாரங்களில் அரை கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை தசைக்குள்ளேயே தண்ணீர் சேரலாம். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ வரை, சிலருக்கு இரண்டு கிலோ வரை ஏறி, பிறகு தானாக இறங்கும்.

எடை மிஷின்: தினமும் ஏறினால் மட்டும்

வாரம் ஒருமுறை எடை பார்ப்பதுதான் சரி, தினமும் பார்த்தால் மனசு கெடும் என்பது ஜிம்களில் பரவலான அறிவுரை. மனசைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம், கணக்கைப் பொறுத்தவரை தப்பு. ஏன் என்பதற்கு 64 கிலோ உள்ள ஒருவரின் இரண்டு வார நோட்டு ஒன்றைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம்.

முதல் வாரம், திங்கள் தொடங்கி ஞாயிறு வரை: 64.2, 64.5, 63.9, 64.1, 64.0, 64.3, 65.4.
இரண்டாம் வாரம்: 65.0, 64.6, 64.3, 64.2, 64.4, 64.3, 64.8.

முதல் வாரச் சனிக்கிழமை இரவு ஒரு கல்யாண வரவேற்பில் பிரியாணி. இனி ஞாயிறு மட்டும் எடை பார்க்கிறவராக அவரை நினைத்துக்கொள்ளுங்கள். 65.4 இருந்தது 64.8 ஆகிவிட்டது, ஒரே வாரத்தில் 600 கிராம் போச்சு என்று பதறி இன்னும் இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம் கூட்டுவார். புதன் மட்டும் பார்க்கிறவர் என்றால் 63.9 இருந்தது 64.3, ஒரு வாரத்தில் 400 கிராம், கொழுப்பு போடுகிறது என்று சாதத்தைக் குறைப்பார். ஒரே உடம்பு, ஒரே இரண்டு வாரம், எதிரெதிரான இரண்டு தீர்ப்பு. ஏழு நாள் சராசரியைப் பார்த்தால் முதல் வாரம் 64.34, இரண்டாம் வாரம் 64.51. ஏறியது 170 கிராம். உடம்பு ஏற்றுகிறவர் வாரத்துக்குத் தன் எடையில் கால் முதல் அரை சதவீதம் ஏறினால் போதும். 64 கிலோவுக்கு அது 160 முதல் 320 கிராம். இவர் சரியான பாதையில்தான் இருக்கிறார், எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை 65.4-ஐயும் ஒரு நொடி பார்த்துவிடுவோம். ஒரே இரவில் 1.1 கிலோ கொழுப்பாக ஏற வேண்டுமென்றால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கில், அன்றாடத் தேவைக்கு மேல் 8,400 கலோரிக்குக் குறையாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு பிளேட் பிரியாணியைத் தாராளமாக 1,000 கலோரி என்று வைத்தாலும் எட்டு பிளேட்டுக்கு மேல். எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அது நடக்காது.

ஏறும் முறை: தூங்கி எழுந்து, கழிவறை போய்விட்டு, காபிக்கும் தண்ணீருக்கும் முன்னால், ஒரே மாதிரி குறைந்த உடையில். மிஷின் டைல்ஸ் மேலேயோ சமமான சிமெண்ட் தரையிலோ இருக்கட்டும். பாய் மேலும் மிதியடி மேலும் வைத்தால் எண் மாறும். மாதம் ஒருமுறை 20 கிலோ பிளேட் ஒன்றையோ டம்பெல்லையோ வைத்துப் பார்த்து, போன மாதம் காட்டியதையே காட்டுகிறதா என்று சோதியுங்கள். அரிசிச் சிப்பத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம், அது வீட்டில் தினமும் குறைந்துகொண்டே போகும்.

இன்னொரு கோளாறு பலருக்குத் தெரியாது. சில டிஜிட்டல் மிஷின்கள் போன தடவை காட்டிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, புது எடை அதற்கு அருகில் இருந்தால் பழையதையே திரும்பக் காட்டும். "மூணு தடவை ஏறினேன், மூணு தடவையும் ஒரே எடை, எவ்வளவு துல்லியம்!" என்று மெச்சிக்கொள்வதில் பாதி இந்த ஏமாற்றுதான். ஒருமுறை சும்மா ஏறுங்கள், இறங்கி ஒரு முழு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். எண் அசையவே இல்லை என்றால், அந்த மிஷினில் வேறு ஏதாவது கனத்தை நடுவில் வைத்து எடுத்துவிட்டுத்தான் இரண்டாம் முறை ஏற வேண்டும்.

இஞ்ச் டேப்: எடையை விட மெதுவானது, இடுப்புக்கு அதுதான்

எடை ஏறுவது தசையா தொப்பையா என்று மிஷினுக்குத் தெரியாது. அதற்குத்தான் டேப். கையில் ஏறினால் நல்லது, இடுப்பில் ஏறினால் சாப்பாடு கூடிவிட்டது.

கைச் சுற்றளவை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 30 செ.மீ. கை 31 ஆவது "ஒரே ஒரு செ.மீ." இல்லை, கையின் குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மாதங்கள் ஆகும். ஆனால் பைசெப்ஸ் செய்து முடித்த கையோடு கண்ணாடி முன் நின்று டேப் வைத்தால் பம்ப், அதாவது பயிற்சியில் ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது, மட்டுமே ஒரு செ.மீ. காட்டும். இரண்டொரு மணி நேரத்தில் ரத்தம் வடிந்ததும் அது போய்விடும். எந்த ஜிம்மிலும் மாஸ்டர் அளக்கும் நேரத்தைக் கவனியுங்கள், பெரும்பாலும் பயிற்சி முடிந்த பிறகுதான்!

டேப்பில் தப்பு வருவது மூன்று இடத்தில். ஒன்று, டேப்பே நீண்டிருக்கும். தையல்காரர் வைத்திருந்த பழைய துணி டேப்பை விட்டுவிட்டு ஃபைபர் டேப் வாங்குங்கள், ஸ்டீல் ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, இடம் மாறும். தோள்பட்டை எலும்பின் ஓரத்துக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அருகில் மச்சமோ தழும்போ இருந்தால் "மச்சத்துக்கு மேலே இரண்டு விரல்" என்று நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த மாதமும் அதே இடம் கிடைக்கும். மூன்றாவது, இறுக்கம். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தித் தடம் பதிக்கக் கூடாது. கையைத் தொங்கவிட்டு அளப்பதா, மடக்கி முறுக்கி அளப்பதா என்பது உங்கள் விருப்பம். ஒன்றை எடுத்துக்கொண்டால் கடைசிவரை அதுதான். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள்.

இடுப்பைத் தொப்புள் மட்டத்தில், காலை வெறும் வயிற்றில், இயல்பாக மூச்சை விட்ட கணத்தில் அளக்க வேண்டும். டேப் முதுகுப் பக்கம் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் அளந்தால் வயிறு நிறைந்து இரண்டு மூன்று செ.மீ. கூடக் காட்டலாம். ஞாயிறு ஜிம் லீவு என்பதால் கையையும் தொடையையும் திங்கள் காலை அளப்பது நல்லது, தசை ஓய்ந்திருக்கும். இடுப்புக்குத் திங்கள் ஆகாது, ஞாயிற்றுச் சாப்பாடு இன்னும் அங்கேதான் இருக்கும். புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று காலை அளந்து சராசரி போடுங்கள். கைக்கும் தொடைக்கும் மாதம் ஒருமுறை போதும், இடுப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஜிம் பிரிண்ட்: பார்க்க அழகு

காலை வைத்து, சிலவற்றில் கைப்பிடியும் பிடித்து நிற்கும் அந்த மிஷின், கொழுப்பையோ தசையையோ நேராக அளப்பதில்லை. உடம்புக்குள் நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. தடையிலிருந்து உடம்பின் தண்ணீரை ஊகிக்கிறது. கொழுப்பு நீங்கிய உடம்பில் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து தசையை ஊகிக்கிறது. மீதியைக் கொழுப்பு என்கிறது. நாம் தவிர்க்க நினைக்கும் அதே தண்ணீர் ஆட்டத்தின் மேல்தான் இந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது.

அரை லிட்டர் தண்ணீர் குடித்த உடனே ஏறினால், அது இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது, மின்சாரப் பாதைக்கு வரவில்லை. தடை மாறாமல் எடை மட்டும் அரை கிலோ கூடியிருப்பதால் மிஷின் அதில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதும். வேர்த்து வற்றிய உடம்போடு ஏறினாலும் கொழுப்பு கூடிக் காட்டும். பயிற்சியில் தோல் சூடேறிய உடனே ஏறினால் குறைத்துக் காட்டும். உயரத்தைப் பதியும்போது 170-க்குப் பதில் 172 என்று தட்டிவிட்டால், ஏறக்குறைய ஒரு கிலோ "தசை" இலவசம். கால் மட்டும் வைக்கும் மிஷினில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும், மார்பும் கையும் வெறும் ஊகம். இதற்காகச் சந்தாவோடு கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இலவசம் என்றால் மாதம் ஒருமுறை, காலை வெறும் வயிற்றில், பயிற்சிக்கு முன்னால், அதே மிஷினில் ஏறிப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் ஒரே திசையில் போனால் மட்டும் அதைப் பொருட்படுத்தலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் கேலிப்பர் நல்ல கருவிதான், கை பழகியவர் ஒருவரே ஒவ்வொரு முறையும் அளந்தால். சதவீதமாக மாற்றாமல், நான்கைந்து இடத்து மில்லிமீட்டரைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது மேல். அளக்க ஆள் மாறினால் கணக்கே மாறிவிடும்.

போட்டோ எடுப்பவர்கள் அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் மாலை வெயிலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் யாருக்கும் கட்டு தெரியும்.

டெக்ஸா ஸ்கேன் இவற்றில் துல்லியமானது. இரண்டு வித ஆற்றலுள்ள மிகக் குறைந்த எக்ஸ்ரே கொண்டு எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரிக்கும். அந்த "மற்றவை"யில்தான் சிக்கல்: தசை, தண்ணீர், கிளைகோஜன் எல்லாம் ஒரே கூடையில். முந்தைய நாள் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால் டெக்ஸாவே தசை ஏறியதாகக் காட்டும். எடுப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. எலும்புத் தேய்மானத்துக்காக இடுப்பையும் முதுகெலும்பையும் மட்டும் எடுப்பதுதான் ஆஸ்பத்திரிகளில் வழக்கம். முழு உடல் கொழுப்பு, தசை அறிக்கை தருவார்களா என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணமாக உடம்பு ஏற்றுகிறவருக்கு இது வேண்டாத செலவு. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

யாருக்கு எது

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலை என்று ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு "காலை" என்ற சொல்லே பொருந்தாது. எப்போது தூங்கி எழுகிறீர்களோ, எழுந்தவுடன். ஷிஃப்ட் மாறும் வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாமல் விட்டுவிடுங்கள், தூக்கமும் சாப்பாட்டு நேரமும் மாறினால் வயிறும் நீரும் மாறும்.

ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவுடன், எதையும் சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்கலாம். ஆனால் இரவில் குடித்த நோன்புக் கஞ்சியும் தண்ணீரும் உடம்பில் இருக்கும். அந்த மாத எடையை அந்த மாதத்துக்குள்ளேயே ஒப்பிடுங்கள், அதற்கு முந்தைய ஷஅபான் மாத நோட்டோடு வேண்டாம். பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் புதுக் கணக்கு.

பெண்களுக்கு ஏழு நாள் சராசரி போதாது. மாதவிடாய் முடிந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுச் சாப்பாட்டைக் குறைத்த பெண்கள் எண்ணற்றவர்கள், காரணம் வெறும் நீர்.

எடையே பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு நோட்டு இருக்கிறது. எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் (ஒரே மூச்சில் எத்தனை முறை செய்தீர்கள்) என்று எழுதுங்கள். 10 கிலோ டம்பெல்லில் 8 ரெப்ஸ் செய்தவர், அதே முறையில், உடம்பை ஆட்டாமல் 12 செய்கிறார் என்றால் உடம்பில் ஏதோ நல்லது நடக்கிறது. முதல் ஒன்றிரண்டு மாத முன்னேற்றத்தில் பெரும்பகுதி நரம்பு பழகுவதால் வருவது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டை எப்போது மாற்றுவது

புது உணவுத் திட்டம் தொடங்கினால் முதல் இரண்டு வார எடையையும், கிரியேட்டின் தொடங்கினால் முதல் நான்கு வார எடையையும் கணக்கில் எடுக்காதீர்கள். கிளைகோஜனும் நீரும் வயிற்றுச் சாப்பாடும் நிரம்பும் காலம் அது. அதற்கு அடுத்த வாரச் சராசரிதான் உங்கள் முதல் எண்.

அங்கிருந்து மூன்று வாரச் சராசரிகள் தொடர்ந்து நின்ற இடத்திலேயே நின்று, ரெப்ஸும் ஏறவில்லை என்றால் தினமும் 150, 200 கலோரி கூட்டுங்கள். 30 கிராம் வேர்க்கடலை சுமார் 170 கலோரி. நம் பக்கத்தில் விளைவதே அதுதான், பவுடர் டப்பாவுக்கு ஓட வேண்டாம். எடை நிற்கிறது, ஆனால் இடுப்பு குறைந்து ரெப்ஸ் ஏறுகிறது என்றால் எதையும் தொடாதீர்கள். புதியவர்களுக்கும் கொஞ்சம் தொப்பை உள்ளவர்களுக்கும் கொழுப்பு போய்த் தசை வரும் கட்டம் அது. எடை வாரத்துக்கு அரை சதவீதத்துக்கு மேல் ஏறி, இடுப்பும் மாதத்துக்கு ஒரு செ.மீ.க்கு மேல் இரண்டு மாதம் ஏறினால் அதே 150, 200 கலோரியைக் குறையுங்கள். புரோட்டீனில் கை வைக்காமல், சோற்றிலும் எண்ணெயிலும். புரோட்டீன் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான்.

மே மாதத்தில் சராசரி இறங்கினால் உடனே சாப்பாட்டில் கை வைக்காமல் முதலில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர்தான் குறைவு. ஒரு வாரம் ஒழுங்காகக் குடித்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். இதற்கு எதிர்ப்புறமாக, ஓரிரு நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால், இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தத் தண்ணீரும் அது இல்லை. நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.